நான் பிடுங்கிய மூட்டை

பிள்ளைகளே, வளவனூரிலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தபோது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஜட்கா வண்டியில் ஏறப்போகிறவர்களின் மூட்டையைப் பிடுங்கி பஸ்மேல் போட்டுவிடுவேன். மூட்டை போனால் ஆளும் பின்னாலேயே வந்துதானே ஆகவேண்டும்!

ஒருநாள் காலை, பிரசவ வலி கண்ட மகளை ஒரு அம்மா காத்தவராயன் அண்ணனின் ஜட்காவில் ஏற்றிக்கொண்டிருந்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

"குதிரை எப்பப் போயி சேர்றது? பஸ்ஸு ஜல்தியா போவும், வாங்கம்மா!" என்று மூட்டையைத் தூக்கினேன். அவர்களும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள்.

கோலியனூர் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் என்னென்னவோ செய்து பார்த்தார், கிளம்பவில்லை. அந்தப் பெண் வலி தாங்காமல் அலறினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது, விழுப்புரத்தில் சவாரி தேடலாமென்று காலி வண்டியோடு காத்தவராயன் அண்ணன் பின்னால் வந்தார். திரும்பிப் பாராமல் போய்விடுவார் என்றே நினைத்தேன். வண்டியை நிறுத்தினார்.

"இன்னா கண்டக்டரே, ஒங்க பஸ்ஸுக்குப் புல்லு போடலியா?"

நான் தலைகுனிந்தேன்.

"இன்னும் இன்னா பாத்துக்கினு நிக்கிற? மூட்டையத் தூக்கி வண்டியில வையி. அதான் ஒனக்கு நல்லா வருமே!"

சாயங்காலம் அவரே தேடி வந்து, "பொண்ணு பொறந்துடுச்சிப்பா. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார்.

அதற்கப்புறம், பஸ் போகாத ஊர்க்காரர்கள் இறங்கினால், அவர்கள் மூட்டையை நானே சுமந்துபோய் அவர் ஜட்காவில் வைப்பேன். அந்தச் சுமை எனக்குக் கனத்ததே இல்லை.