பூக்களுக்கு இருப்பு எடுத்தவர்

‘ஊழியர்களின் மனமகிழ்ச்சிக்குப் பொறுப்பானவர்: திரு. அ. பெரியநாயகம், ஸ்டோர்ஸ்’ என்று தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. பலகைக்குக் கொஞ்சம் தள்ளி, கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், மேற்படியார் ஒரு தேய்ந்த துடைப்பத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு வாரம் பெருக்கலாம் என்பது தீர்ப்பு. துடைப்பம் வந்த வழியே போகிறது. கேட்க வந்தவன் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச மகிழ்ச்சியும் அதோடு போகிறது.

ஒரகடத்தில் காருக்குக் கதவுக் கீல் அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில், அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. மனமகிழ் மன்றத் தேர்தலில் அவர் நின்றதும் இல்லை. கேரம் பலகையும் வாலிபால் வலையும் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தன, சாவி அவர் இடுப்பில் கிடந்தது, ஆகவே மன்றச் செயலாளர் பதவியும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் ஜெபமாலையும் அளவு டேப்பும் ஒன்றாகக் கிடக்கும். எது எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது என்பார்.

ஸ்டோரின் சட்டம் ஒன்றுதான்: பழசைக் கொடுத்தால் புதுசு. தேய்ந்த கையுறையைக் கொண்டுவந்து வைத்தால்தான் அடுத்த ஜோடி. போன ஐப்பசியில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரெஸ் லைனில் இருந்த கண்ணப்பன் தன் பழைய ஜோடியை எங்கோ தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றான். பெரியநாயகம் தேடி எடுத்துவரச் சொல்லி அனுப்பினார். அந்த வாரமே பிரெஸ் இறங்கி அவன் வலக்கையில் மூன்று விரல் போயிற்று. பிரெஸ்ஸுக்கு முன்னால் கையுறை என்ன செய்யும், துணிதானே என்று சூப்பர்வைசர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லாரும் சொன்னார்கள். உண்மையும் அதுதான். பெரியநாயகம் மட்டும் அதைச் சொல்லவில்லை. மறுநாளும் பழசைக் கேட்டுத்தான் புதுசு கொடுத்தார்.

இந்த மனிதரிடம்தான் இந்த வருஷம், 1991இல், வசந்தத்தை ஒப்படைத்தார்கள்.

பர்சனல் ஆபீசர் ரகுபதி வெளிநாட்டில் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர். அங்கே ஜனங்கள் இளவேனில் காலையில் பூ மரங்களின் கீழ் நடந்து, அப்படியே ஒரு பழைய நாடக அரங்கையும் பார்த்துவிட்டு வீடு திரும்புவதைக் கண்டு மனம் நெகிழ்ந்திருந்தார். வழக்கமான மகாபலிபுரம் வேன் பயணத்துக்குப் பதிலாக, பங்குனி ஞாயிறு ஒன்றில் பட்டணத்தில் ‘மலரும் நாடகமும்: வசந்தகாலக் காலை நடை’ என்று சுற்றறிக்கை விட்டார். ஒரகடத்தில் அந்தப் பருவத்துக்கு வெயில் என்று பெயர். பெரியநாயகம் அதைச் சொல்லவில்லை. “பூவு எத்தினி வோணும் சார்?” என்று மட்டும் கேட்டார்.

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். ஞாயிறு தோறும் முதல் பூசை முடிந்ததும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினார். தெருத் தெருவாகப் போய் மரங்களை இருப்பு எடுத்தார். புங்கம் தயார். வாகை பாதி. சரக்கொன்றை வரவேண்டியது. பூவைப் பார்க்க அண்ணாந்து நடப்பார்கள் என்று ரகுபதி நினைத்திருந்தார். பெரியநாயகம் தெரு பெருக்கும் அம்மாளிடம் பேசி, எந்தத் தெருவை எப்போது பெருக்குவார்கள் என்று விசாரித்து, பெருக்குவதற்கு முன்னால் அங்கே போகும்படி வழியை மாற்றினார். புங்கம்பூ கிளையில் இருந்தால் இலையோடு இலை, தரையில் கொட்டினால்தான் பூ என்பது அவர் கண்டது. “மேல பாத்தா ஒண்ணியும் தெரியாது சார். கீழதான் கீது.”

மூன்றாவது ஞாயிறு மனைவி மெர்சியையும் அழைத்துப் போனார். பெண்கள் எங்கே களைப்பார்கள், எங்கே ஒதுங்க இடம் வேண்டும் என்பது அவர் காலுக்குத் தெரியாது. மெர்சி பூவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். குழாயடி ஒன்றில் தண்ணீர் வருகிறதா என்று அவர் திருகிப் பார்த்தபோது அவளுக்குத் தாளவில்லை.

“கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல மொத மொத பட்டணம் இட்டாந்த. கொழாய தொறந்து காட்டவா இட்டாந்த?”

அவர் குழாயை மூடிவிட்டு, வருகிறது என்றார்.

நடை முடியும் இடம் சென்ட்ரலுக்குப் பின்புறம் ஒரு பழைய நாடகக் கொட்டகை. நாடகம் சாயங்கால விவகாரம், காலையில் பூட்டுதான் இருக்கும் என்பதை ரகுபதியின் சுற்றறிக்கை யோசிக்கவில்லை. பெரியநாயகம் காவலாளியைப் பார்த்துப் பேசி, மேடையைச் சற்று நேரம் திறந்துவிட ஏற்பாடு செய்தார். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் வருஷா வருஷம் போடும் ராஜா நாடகத்திலிருந்து ஒரு வசனத்தை அங்கே யாராவது பேச வேண்டும் என்றும் தீர்மானித்தார். அந்த ராஜாவை எழுதியதும் நடித்ததும் கண்ணப்பன்.

ஒரு மாலை கண்ணப்பனின் மனைவி கங்கா தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். பணமெல்லாம் கொடுத்துக் கம்பெனி கணக்கு முடித்துவிட்டது, அதில் குறை இல்லை என்றாள். குறை வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவன் வாசற்படி தாண்டவில்லை. பொழுது இருட்டினால் கொல்லைப்பக்கம் போவதோடு சரி. யாராவது வந்தால் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறான்.

“இப்டியே வுட்டா எனுக்கு பயமா கீது அண்ணே. எங்கியாச்சும் நாலு பேரோட இட்டுகினு போங்க. ஒரு வாட்டி வெளில வந்துட்டாருன்னா போதும்.”

பெரியநாயகம் ரகுபதியிடம் எழுத்து மூலம் கேட்டார். நாற்பது பேருக்குத்தான் ஒப்புதல், அதுவும் வேலையில் இருப்பவர்களுக்கு என்று எழுத்து மூலமே பதில் வந்தது. ரகுபதி கல்நெஞ்சர் அல்லர். கண்ணப்பனுக்காக வருத்தமும் பட்டார். வழியில் ஏதாவது ஆனால் மேலே யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. பெரியநாயகம் பதிலை மடித்துக் கோப்பில் வைத்தார். அவரும் அதே பதிலைத்தான் பலருக்கும் ஜன்னல் வழியாகச் சொல்லிவந்தவர்.

ஆனால் அந்த வார ஓய்வு நாளில் சைக்கிளைக் கண்ணப்பன் வீடு இருக்கும் வடக்குப்பட்டுக்கு விட்டார்.

கண்ணப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பெரியநாயகம் கையைப் பற்றி விசாரிக்கவில்லை. கையுறையைப் பற்றி இருவரும் பேசவில்லை. பட்டணத்து நடையின் ஏற்பாடுகளை, சரக்கு வந்த விவரம் போல, மரம் மரமாகச் சொல்லிக்கொண்டே போனார். கொட்டகை வரைக்கும் வந்தார். காவலாளி மேடையைத் திறப்பான், ராஜா வசனத்தைச் சாம்சன் பேசுவான் என்று முடித்தார்.

சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது. “எந்தச் சாம்சன்?”

“பெயிண்ட் ஷாப்பு.”

“அவனா? அவனுக்கு எங்க மூச்சு வுடறதுன்னே தெரியாதே அண்ணே. ரெண்டு வரிக்கு ஒருக்கா தண்ணி கேப்பான்.”

“வேற ஆளு இல்ல. வாளு தூக்கற எடம் வருதே.”

கங்கா காப்பித் தம்ளரோடு நடுவீட்டில் அப்படியே நின்றுவிட்டாள். இரக்கமில்லாத மனிதர் என்று அவள் அப்போது நினைத்ததாகப் பிறகு மெர்சியிடம் சொன்னாள். கண்ணப்பன் எழுந்து உட்கார்ந்தான்.

“வாளத் தூக்கறது கையா? தொண்ட தூக்கணும் அண்ணே.”

“அத அவங்கிட்ட நீ வந்து சொல்லு,” என்றார் பெரியநாயகம், காப்பியை வாங்கிக்கொண்டு.

குறித்த ஞாயிறு விடியலில் சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தில் எல்லாரும் கூடினார்கள். ரகுபதி வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் வந்திருந்தார். நைட் ஷிப்டு முடித்து நேரே வந்த நாலைந்து பேர் பெஞ்சியில் சாய்ந்து, வசந்தம் தொடங்குமுன்பே குறட்டை விட்டார்கள். கடைசியாகக் கங்கா வந்தாள். அவளுக்கு இரண்டடி பின்னால் கண்ணப்பன், சலவை வேட்டி, கையில் சுற்றிய துண்டு. எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் திரும்பிப் போக ஒரு கால் எடுத்துவைத்தான். அப்போது சாம்சன், வெட்கமில்லாத பையன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், “ராஜா, அந்த மூணாவது வரில எனுக்கு மூச்சு நிக்கல, அது எப்டி?” என்றான். கண்ணப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தவன் எங்கே திரும்பிப் போவான்? அங்கேயே பாடம் தொடங்கியது.

ரகுபதி பெரியநாயகத்தைத் தனியே அழைத்தார். டிக்கெட் நாற்பதுதான், ஒப்புதலும் நாற்பதுதான், நாற்பத்தொன்றுக்குத் தன்னால் முடியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நாப்பதுதான் சார்,” என்றார் பெரியநாயகம். வர முடியாத உறுப்பினர் தன் இடத்தில் ஒருவரை அனுப்பலாம் என்பது மன்றத்தின் விதி, மகாபலிபுரம் போன காலத்திலிருந்தே இருக்கிறது என்று விளக்கினார்.

“யாரு வரல?”

“நானு.”

செயலாளர் இல்லாமல் எப்படி என்று ரகுபதி திகைத்தார். வழியைச் சாம்சனிடம் சொல்லியாயிற்று, காவலாளியிடமும் ஆள் அடையாளம் சொல்லியாயிற்று என்றார் பெரியநாயகம். பிறகு, இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்கிற மாதிரி, “ஒரு எடம் காலி கீது சார். காலியா இருந்தா நெரப்பறது ஸ்டோர் வேல.”

வண்டி வந்தது. ஏறுகிற நெரிசலில் கண்ணப்பன் விழப்போனான். துண்டு நழுவ, மிச்சமிருந்த இரண்டு விரலால் கம்பியைப் பற்றி நின்றான். நின்ற பிறகுதான் எல்லார் முன்னும் அந்தக் கை வெளியே இருப்பது அவனுக்குத் தெரிந்தது. கம்பியை விடவில்லை. “அண்ணே, நீங்க ஏறல?” என்று கேட்டான். சாம்சன் அடுத்த வரியைத் தப்பாகத் தொடங்கியதால் பதிலுக்குக் காத்திருக்க அவனால் முடியவில்லை.

பெரியநாயகம் பட்டணத்துக்குப் போகவில்லை. கங்காவைப் பஸ் ஏற்றிவிட்டு, பூசைக்குப் போனார்.