சித்தி சிரித்த படம்

எங்கள் வீட்டில் போட்டோ எடுப்பது என் வேலை. பெரியவர்கள் எடுத்தால் தலை போகும், இல்லாவிட்டால் கட்டைவிரல் வரும். அப்பாவின் போனில் எப்போதும் இடம் இருக்காது. அதனால் கண் மூடியதையும் உம்மென்று இருப்பதையும் எடுத்த கையோடு அழித்துவிட்டு, சிரித்ததை மட்டும் வைத்துக்கொள்வேன். இரண்டு கல்யாணமும் ஒரு புதுநன்மை விழாவும் அப்படித்தான் அந்தப் போனில் சிரித்துக்கொண்டு கிடந்தன.

அம்மாவின் தங்கை கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். நிச்சயமான கல்யாணம் நின்றுபோன அதே வருடம், ஆந்திர எல்லை தாண்டி மலை விளிம்பில் இருந்த கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். பார்க்கப் போகிறவர்களும் கம்பிக்கு இந்தப் பக்கம்தான். சாமி கூப்பிட்டுப் போனாளா, மனசு உடைந்து போனாளா என்று அம்மாவுக்குத் தீராத சந்தேகம்.

எனக்கு ஒன்பது வயதானபோது சித்திக்கு நித்திய வார்த்தைப்பாடு வந்தது. அதைக் கொடுத்துவிட்டால் சாகும்வரை அங்கேதான். ஆரம்பாக்கத்திலிருந்து வேன் பிடித்துப் போனோம். நைட் ஷிப்ட் முடித்த அப்பா தூங்காத கண்ணோடு வந்தார். வேன் அடிவாரத்தோடு நின்றுவிட்டது, மிச்சமெல்லாம் படி. மேலே ஒரு பக்கம் மடத்துச் சுவர், மறுபக்கம் வெறும் பள்ளம். எட்டிப் பார்த்ததற்கு அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார்.

வார்த்தைப்பாட்டுக்கு முந்தின பத்து நாள் சித்தி யாரோடும் பேசக் கூடாதாம். பூசை தொடங்கும்வரை கம்பி வழியாகப் பார்க்கவும் முடியாது. ஆனால் அவள் தலையில் வைக்கும் பூமுடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு குடும்பத்துச் சிறுமி ஒருத்தி உள்ளே போக வேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம். அம்மா என்னை ஓரமாக இழுத்துப் போனைக் கையில் திணித்தாள்.

"சித்தி மூஞ்சிய நல்லா எடுத்துக்கினு வா. பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். இஷ்டமில்லாம கீறான்னு பட்டுச்சுனா, இன்னா ஆனாலும் சரி, இப்பவே ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடுவேன்."

"மெமரி ஃபுல்லா கீது, பாத்து எடு" என்றார் அப்பா.

நல்லா எடு என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது.

உள்ளே தட்டை வாங்கிக்கொண்ட மடத்துத் தலைவி மதர், போனைக் கண்டு முகம் சுளித்தார். அம்மா கேட்டாங்க என்றதும் இளகி, சிஸ்டர்கள் எல்லோரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். எல்லோரும் வயதானவர்கள். ஒருவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார். எடுத்ததைக் காட்டினேன். மூத்த சிஸ்டருக்குத் தன் முகத்தை அதில் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.

சித்தி பக்கத்து அறையில் ஒரு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், வளையல் அழுந்தும்படி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பிடித்த கையோடு எப்படிப் படம் எடுப்பது? உருவிக்கொண்டேன். ஆறு எடுத்தேன், ஆறிலும் அழுகை. ஏழாவதற்கு இடமில்லை என்றது போன். ஆறையும் அழித்தேன்.

"சிரி சித்தி, அம்மா பாக்கணுமாம்."

அங்கியின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்காகச் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

வெளியே வந்து அம்மாவிடம் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இறுக்கம் விட்டு அவள் தோள் இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நல்லாத்தான் கீறா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, முன்வரிசையில் போய் மண்டியிட்டாள். மணி அடித்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் சித்தி சடங்குப்படி தரையில் குப்புறப் படுத்து, எழுந்து, வார்த்தைப்பாட்டை வாசித்தாள்.

அந்த அழுகை பயமா, ஆனந்தமா என்று எனக்கு இன்றும் தெரியாது. அம்மா பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். அன்று அந்தக் கேள்வியே எழவில்லை. திரும்பும் வழியெல்லாம் அம்மா வேன் டிரைவர் வரைக்கும் அந்தப் படத்தைக் காட்டி, "எம் பொண்ணு எப்டி எடுத்துக்கீறா பாரு" என்றாள். அழித்த ஆறைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்வதற்கு அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை.