ஐந்து மூட்டை சாமை

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, கணக்கு இடிச்சா என்ன பண்றதுங்க?" என்பதுதான். எல்லோருக்கும் இந்தச் சாமைக் கதையைத்தான் சொல்வேன்.

1. எலுமிச்சம்பழத்தோடு ஓர் ஆடிட்டர்

நான் மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுப் பெண். சேலத்தில் தங்கி சி.ஏ. இன்டர் எழுதி, மூன்று முறை ஃபெயிலாகி ஊர் திரும்பியவள். எங்கள் மலை உழவர் கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலை கிடைத்தபோது, மேலே வர வேறு ஆள் கிடைக்காமல்தான் என்னை எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விவசாயிகள் கொண்டுவரும் சாமையை எடை போட்டு, பில் போட்டு, குடோனில் அடுக்குவோம். என்ட்ரி முழுக்க என் கை.

வருடக் கடைசியில் ஸ்டாக் எண்ண நாமக்கல்லிலிருந்து ஆடிட்டர் வந்தார். அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் அவரைப் பிழிந்து எடுத்திருந்தன. மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடியே மூட்டைகளை எண்ணி, எடையும் போட்டுப் பார்த்தார்.

"எடையில அஞ்சு மூட்டை அளவு கம்மியா இருக்கு. தானியம் காஞ்சு எடை குறையறதைக் கழிச்சாலும் இடிக்குது. ஒண்ணு என்ட்ரி தப்பு, இல்லைன்னா குடோன்ல யாரோ கை வெச்சிருக்காங்க. ரெண்டு நாள்ல விளக்கம் வரலைன்னா ரிப்போர்ட்ல எழுதிடுவேன்."

குடோன் பொறுப்பு செல்லப்பன் அண்ணனுடையது. சணல் கயிறு ஒரு சாண் வீணானால்கூட வருத்தப்படுகிற மனிதர். அவர் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் எடுத்திருக்க மாட்டார். அப்படியென்றால் தப்பு என்னுடையது. மூன்று முறை ஃபெயிலானவள் வேறென்ன கிழித்திருப்பாள்?

2. தெரியாத தப்பு

மறுநாள் முழுக்க ஒவ்வொரு பில்லையும் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. தன் தப்பைக்கூடக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவளாகி விட்டேனே!

சாயங்காலம் மேனேஜர் ராஜாமணி சாரிடம் போய் நின்றேன். "நாந்தான் எங்கியோ தப்புப் பண்ணிட்டனுங்க சார். எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டு நின்னுக்கறனுங்க."

"எங்க தப்பு?"

"தெரியலீங்க."

"தெரியாத தப்பை எப்படிம்மா ஒத்துக்கற? ஏப்பா செல்லப்பா, இந்தப் புள்ளைய இழுத்துட்டுப் போயி ஒரு டீ வாங்கிக் குடு. நாளைக்கு லோடு வருது. அதை எறக்கிட்டு அப்பறமா அழுவட்டும்."

சாருக்கு வாயைத் திறந்தால் சிடுசிடுப்புதான். அதற்குள் எவ்வளவு பாசம் இருந்தது என்பதை இன்று நினைத்தால் கண் கலங்குகிறது. அன்று கோபம்தான் வந்தது.

3. தராசடியில்

அடுத்த நாள் ஆலத்தூர் நாட்டிலிருந்து ஓர் அம்மா மினி லாரியில் சாமை கொண்டுவந்தார். எடை போட்டோம். பில்லை எழுதி முடித்து, எப்போதும்போலக் கேட்டேன்.

"சாமிக்குப் போட்டாச்சுங்களா?"

"இதோ போடறேன் கண்ணு."

மூட்டை மூட்டையாகப் பிரித்து, இரண்டு கையும் நிறைய அள்ளி மூலையிலிருந்த கூடையில் போட்டார். புதுத் தானியம் எங்கே இறங்கினாலும் மூட்டைக்கு ஒரு அள்ளு கோயில் பொங்கலுக்கு எடுத்து வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கூடை நிறைந்தால் கோயில்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். செல்லப்பன் அண்ணன் மூட்டை வாயைத் திரும்பத் தைக்க உட்கார்ந்தார்.

பில் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதில் நான் எழுதியிருந்தது, அள்ளுவதற்கு முந்தைய எடை.

"அண்ணா, தைக்காதீங்க! மறுபடி தராசுல வைங்க!"

மூட்டைக்குக் கால் கிலோவுக்கு மேல் குறைந்தது. அந்த வருடம் வந்த மூட்டைகளுக்கெல்லாம் பெருக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய ஐந்து மூட்டை. மிச்சம் மீதியை எலி தின்றிருக்கும்.

செல்லப்பன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங் கண்ணு, அப்ப நம்ம சாமிதான் ஆளா?"

சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். வெளியூர் ஆள் யாராவது இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். எனக்கோ அது பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியது. கணக்கில் வருகிற சங்கதியாகவே தோன்றவில்லை. அதிலும் வேடிக்கை, பில் எழுதிய கையோடு ஒவ்வொருவருக்கும் ஞாபகப்படுத்தி அள்ளிப் போட வைத்தவளே நான்தான்.

4. கையெழுத்து

ஆடிட்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதை என்னன்னும்மா எழுதறது? கம்பெனி குடுத்த நன்கொடைன்னா?"

"குடுக்கறது அவங்கதானுங்க சார், கம்பெனி இல்லீங்க. இனிமே சாமிக்குப் போட்டுட்டுத்தான் எடை. இந்த வருசத்துக்கு மட்டும் விளக்கம் எழுதிடலாங்க."

"சரி, நீயே எழுதி அனுப்பு. கையெழுத்துக்குக் கீழ அக்கவுண்டன்ட்னு போடு."

அதுவரை நான் வெறும் கையெழுத்து மட்டும்தான் போடுவேன். அக்கவுண்டன்ட் என்று எழுதக் கூசும். அன்று எழுதினேன். அந்தத் தெம்பிலேயே பரீட்சைக்கும் மறுபடி பணம் கட்டினேன். இன்டரின் இரண்டு குரூப்பில் ஒன்று அப்போது தேறியது, இன்னொன்று என்னை இன்னும் கொஞ்சம் அலைய விட்டுத்தான் தேறியது.

பிள்ளைகளே, கணக்கு இடித்தால் பக்கத்தில் இருப்பவரையும் சந்தேகப்படாதீர்கள், உங்களையும் சந்தேகப்படாதீர்கள். வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று, நம் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

அடுத்த வருடமும் அதே ஆடிட்டர், அதே எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். ஆபீசுக்குள் நுழையாமல் நேராகத் தராசடிக்குப் போனார். ஒரு விவசாயி மூட்டையைத் தூக்கித் தராசில் வைக்கப் போனார். ஆடிட்டர் மூக்கிலிருந்து பழத்தை எடுத்துவிட்டுக் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க, இருங்க. சாமிக்குப் போட்டாச்சுங்களா?"