பஸ்ஸில் விழுங்காத குளிசை

ஜொய்சி என் தங்கை. லொங்குய் நகரில் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. எங்கள் பங்குக் கோயிலில் கலியாணப் பூசை என்றால் அவள்தான் பாடவேண்டும். அந்தக் குரல் வேறு யாருக்கும் இல்லை.

2004 தவக்காலத் தொடக்கத்தில், அதே கோயிலுக்கு வரும் பிலோமினம்மா அவளுக்குக் கொழுப்பை மறிக்கும் குளிசை விற்றார். "இதைப் போட்டிட்டு என்னத்தையும் தின்னலாம் பிள்ளை. நானும் போடுறனான்."

நாற்பது நாளும் ஜொய்சி எண்ணெயும் இறைச்சியும் தொடவில்லை. ஒன்பது இறாத்தல் குறைந்தாள். நோன்பு செய்த வேலைக்குக் குளிசை பேர் வாங்கியது. பிலோமினம்மா அவளைக் கோயில் வாசலில் நிறுத்திக் காட்டியே வியாபாரம் செய்தார்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. ஆட்டிறைச்சி, பற்றிஸ், றோல்ஸ், வேளைக்கொரு குளிசை. மறுநாள் கலியாணப் பூசையில், காணிக்கைப் பாட்டின் நடுவில் ஜொய்சியின் குரல் நின்றது. சந்தன நிறச் சேலையின் பின்புறம் செம்மஞ்சளாய் எண்ணெய். சால்வையால் சுற்றி அவளை வெளியே கொண்டுபோனேன். "பிள்ளை வாயைக் கட்டேல்லை," என்று பிலோமினம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தையல் ஆலையில் பதினொரு வருடமாகப் பிழை பார்க்கிறவள். ஜொய்சியைச் சோதித்த குடும்ப வைத்தியர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன்: குடலில் கொழுப்பை உடைக்கும் நொதியைக் குளிசை தடுக்கும், உடையாத கொழுப்பு உடம்பில் சேராமல் வழிந்து வெளியேறும், சில விற்றமின்களையும் இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் தின்னாதவரை ஒன்றும் தெரியாது.

ஜொய்சி பாடுவதை விட்டாள்.

ஓகஸ்டில் மாதா கோயிலுக்கு யாத்திரை பஸ். ஜொய்சியை வற்புறுத்தி ஏற்றினேன். கடைசிச் சீற்றில் ஒடுங்கியிருந்தாள். அறுபது றோல்ஸ் பொரித்திருந்தேன்.

"றோஸ்மேரி, உன்ர கைப்பக்குவமே தனி," என்று பிலோமினம்மா இரண்டு எடுத்தார்.

ஜொய்சியின் மிச்சப் போத்தலை நீட்டினேன். "தின்ன முதல் குளிசையைப் போடுங்கோ. நீங்களும் போடுறனீங்கள் எல்லே?"

பஸ்ஸில் எல்லாத் தலையும் திரும்பியது.

"இண்டைக்கு வேண்டாம். போறது கோயிலுக்கெல்லே."

"ஜொய்சி பாடி நிண்டதும் கோயிலிலதான்."

அவர் றோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார். இரண்டு போத்தல் வாங்கியிருந்த கத்தரின் எழும்பிக் கேட்டாள்: "அப்ப நீங்கள் ஒருநாளும் போட்டதில்லையோ?"

பிலோமினம்மா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா, அந்த ரெண்டையும் எனக்குத் தாங்கோ." ஜொய்சி முன்னுக்கு வந்து, பிலோமினம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே தின்றாள். வாயைத் துடைத்துவிட்டு மாதா பாட்டைத் தொடங்கினாள்.

நான் மன்னிக்கவில்லை. இன்றும் பூசையில் சமாதானம் சொல்லிப் பிலோமினம்மாவுக்குக் கை கொடுக்கும்போது, மெதுவாகக் கேட்பேன்: "குளிசை போட்டாச்சோ?"