முதல் வரியில் இருந்த நோய்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் எங்கள் மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்குள் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் அணியும் சாம்பல் நிறச் சட்டை. கையில் நான்காக மடித்த ஒரு தாள். வரிசையில் நின்றவர்களையெல்லாம் முன்னே போகவிட்டு, எல்லாரும் போன பிறகுதான் என் மேசையருகே வந்தார். வந்தும், வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"சார், நான் குடிக்கிறதில்லீங்க."

முன்பின் தெரியாத ஒருவர் இப்படிப் பேச்சைத் தொடங்கினால் என்ன பதில் சொல்வது? "நல்லதுங்க" என்றேன். அவர் தாளை விரித்து என் முன் வைத்தார்.

ஓட்டுநர்கள் ஆண்டுக்கொருமுறை பள்ளியில் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் எங்கள் மருத்துவமனை டாக்டரம்மா தம் கையால், 'வாகனம் ஓட்டத் தகுதியுடையவர்' என்று ஒரே வரி எழுதிக் கையொப்பமிடுவார். அந்த ஆண்டு எல்லாம் கணினிக்கு மாறியிருந்தது. சான்றிதழோடு நோயாளியின் மொத்த விவரமும் தானாக அச்சாகி வந்துவிடும். உயரம், எடை, இரத்த அழுத்தம், முழங்கால் வலிக்குக் கொடுத்த மாத்திரை எல்லாம் சரியாகவே இருந்தன. அவற்றின் கீழே, 'நாட்பட்ட நோய்' என்ற கட்டத்தில், 'மதுவுக்கு அடிமை' என்றிருந்தது.

அவர் பத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். தகப்பனார் குடித்தே இறந்தவர். அவரைத் தெருவிலிருந்து தூக்கி வந்த தோள் தன்னுடையது என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால் அந்த வாடையே அவருக்கு ஆகாது. சக ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சோடா. யாருடைய விருந்தானாலும் அவர் கேட்பது அது ஒன்றைத்தான்.

அந்தச் சோடாவைத்தான் பள்ளியின் போக்குவரத்து மேலாளர் பேருந்திலிருந்து இறக்கி, வாயிற்கதவைத் திறந்து மூடும் வேலையில் நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் இறங்கும்போது, "ஏன் அங்கிள் நீங்க ஓட்டல?" என்று கேட்டிருக்கிறார்கள். கால் வலி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

நான் அவருடைய பதிவைத் திறந்தேன். பிறகு ஒரு சந்தேகம் எழ, அதே நோய் குறிக்கப்பட்ட மற்றவர்களையும் தேடினேன். திரை நிரம்பி வழிந்தது. பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள்.

"சார், இந்தப் பாப்பாவுக்கு மூணு வயசு! ஐயோ, நம்ம ரிட்டயர்ட் ஜட்ஜ் ஐயாவும் இருக்காரு. ஊரே தள்ளாடுது சார்!"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவரும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைக் கண்டதும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் போக இடமின்றித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். நாட்பட்ட நோய் எது என்று நிரப்பாவிட்டால் மருந்துச்சீட்டு அச்சாகாது. நோய்களின் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன; 'ஆல்கஹால்' என்று தொடங்கியதால் மது முதல் வரியில் நின்றது. 'எதுவுமில்லை' என்ற வரியோ வெகு கீழே, திரைக்கு அப்பால். டாக்டரம்மா முப்பது ஆண்டுகள் நாடி பிடித்த கை. கணினிச் சுட்டிக்கு அது பழகவில்லை. வாசலில் கூட்டம் நெரிய, கைக்கு எட்டிய முதல் வரியை அமுக்கி அமுக்கிச் சீட்டுகளை அனுப்பியிருக்கிறார். சீட்டில் அந்த வரி அச்சாவதில்லை. ஆகையால் யாருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மாவை அழைத்தேன். வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தவர் நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

"இது நான்தான். தெரியலேன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. சின்னப் பசங்கல்லாம் பட்டுபட்டுன்னு தட்டுறாங்க, நான் போயி எது எங்க இருக்குன்னு கேக்கிறதான்னு..." ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடுங்க."

"பரவால்லீங்கம்மா. அழிச்சிட்டாப் போதும்."

அழிக்க முடியாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மென்பொருளில் ஒருமுறை பதிந்தது பதிந்ததுதான். குறுக்கே கோடிட்டு, 'தவறாகப் பதியப்பட்டது' என்று பக்கத்தில் குறிக்கலாம், அவ்வளவே. டாக்டரம்மா குறித்தார். பள்ளிக்குத் தவறு தம்முடையதென்று கடிதம் எழுதினார். ஓட்டுநர் எதிரிலேயே மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து அதையே திரும்பவும் சொன்னார். அடுத்த திங்கள்முதல் பேருந்து மறுபடி அவரிடம் வந்தது.

ஆனால் மேலாளர் முன்னதாகவே ஓட்டுநர் வீட்டுக்கும் சொல்லிவிட்டிருந்தார். மனைவியின் அண்ணன் புறப்பட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார். "மாப்பிள்ளை, நாங்க ஒண்ணும் தப்பா நெனக்கல. இதுக்கெல்லாம் இப்ப வைத்தியம் இருக்கு." மனைவியோ அவருடைய சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். கோடிட்ட புதிய தாளைக் காட்டியபோது, "எழுதினதாலதானே அடிச்சிருக்காங்க?" என்றாராம்.

இதைக் கேட்ட டாக்டரம்மா உடனே சொன்னார்: "உங்க வீட்டுக்கு நானே வரேன். உங்க வீட்டுக்காரம்மா முன்னாடி, அவங்க அண்ணன் முன்னாடி, என் தப்புன்னு சொல்றேன். இது நான் உங்களுக்குப் பட்ட கடன். எப்ப வரட்டும்?"

"சொல்றேங்கம்மா."

அவர் சொல்லவில்லை. முழங்காலுக்கு மருந்து வாங்க ஒருநாள் வந்தவரிடம், தனியே இருந்த நேரம் பார்த்து நானே கேட்டேன். "ஏன் இழுத்தடிக்கிறீங்க? அவங்க வந்து சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுமே."

மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிய பிறகுதான் பேசினார்.

"இருபத்திரண்டு வருஷம் கூட இருக்கா சார். எங்கப்பன் கதை முழுக்கத் தெரியும். நான் தொடலேன்னு அவ தலைமேல கையை வச்சு சொன்னேன், நம்பல. அந்தத் தாளை நம்பினா. இப்ப டாக்டரம்மா வந்து சொல்லி, அவ உடனே நம்பிட்டான்னு வைங்க... அதைப் பக்கத்துல நின்னு பாக்க எனக்குத் தெம்பில்ல சார். என் வாய்ச்சொல்லை என்னிக்காவது நம்பட்டும்."

டாக்டரம்மா இப்போது ஒவ்வொரு பதிவையும் கீழ்க்கோடிவரை இறக்கிப் பார்த்துத்தான் அமுக்குகிறார். அதனால் அவர் அறை வாசலில் கூட்டம் மதியத்தைத் தாண்டியும் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் ஓட்டுநரைக் கண்டால் எழுந்து வந்து, "எப்ப வரட்டும்?" என்று கேட்கிறார், கேட்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஓட்டுநரும் தரையைப் பார்த்தபடி, "சொல்றேங்கம்மா" என்கிறார்.

இதுவரை அழைக்கவில்லை.