கண்ணின் கோடும் கண்ணாடியின் கோடும்

கண்ணாடிக் கடைக்காரருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்தது தெருதான். அளவுகோலே வைக்காமல், வெறும் கண்ணால் பார்த்து, வைரமுனைக் கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போடுவார். அந்தக் கோட்டில் விட்ட எறும்பு கடைசிவரை வளையாது என்பார்கள். நான் விட்டுப் பார்த்தேன். இரண்டு வளைந்தன, அவை வேறு தெரு எறும்புகள்.

ஐம்பத்திரண்டு வயதில் அந்தக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது. உள்ளே நீர் வடியும் வழி குறுகிவிட்டது, விட்டால் சத்தமில்லாமல் பார்வையைத் தின்றுவிடும் என்றார் கண் டாக்டர். இடது கண்ணில், மேல் இமையை ஒட்டி, லேசரால் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டார். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தார்.

“சிலருக்கு வெள்ளையா ஒரு கோடு தெரியலாம். தெரிஞ்சா உடனே வந்து சொல்லுங்க.”

“எனக்குக் கோடு புதுசா டாக்டர்?” என்று சிரித்துவிட்டு வந்தார் ஸ்கேல்.

மூன்றாம் நாள் காலை, கடைக்குள் வெயில் விழுந்தபோது அது வந்தது. பார்வையின் கீழ் ஓரத்தில், குறுக்காக, மயிரிழைக் கோடு. விரிசல் என்று எண்ணிப் புதுக் கண்ணாடி ஒன்றைக் கழித்துப் போட்டார். அடுத்ததிலும் விரிசல். அதற்கடுத்ததிலும் விரிசல். மனைவியின் முகத்திலும் விரிசல் தெரிந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

டாக்டரிடம் போகவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. சொன்னால் மனைவி கட்டரைப் பிடுங்கித் தன் தம்பி கையில் கொடுத்துவிடுவாள். தம்பி கண்ணாடிக்குச் சட்டம் அடிப்பதில் சூரன்தான். கோடு போட்டால் மட்டும் ஆறு மாதிரி வளைந்து ஓடும். கட்டர் போனால் ஸ்கேலுக்கு அந்தப் பெயரே போய்விடும். அதனால் அவரே ஓர் உபாயம் கண்டுபிடித்தார். விரலால் இமையைத் தூக்கினால் கோடு மறைந்தது. மறைந்தால் கண்ணின் கோடு. மறையாவிட்டால் கண்ணாடியின் கோடு.

“ஏங்க, எப்பப் பாத்தாலும் இமையை நோண்டிக்கிட்டே இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“தூசி.”

“ஒரு வாரமாவா? குடித்தனமே வந்துடுச்சு போலிருக்கே. வாடகை கேளுங்க.”

பதினோராம் நாள், துணிக்கடைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று வெட்ட வேண்டியிருந்தது. மனைவி கல்லாவில் இருந்தாள். ஸ்கேல் ஒரு முனையிலும், அவள் தம்பியான மச்சான் மறுமுனையிலுமாக நெட்டுக்குத்தாகத் தூக்கினார்கள். வாசல் வெயில் குறுக்கே பாய்ந்தது. கீழ் ஓரத்தில் கோடு. இமையைத் தூக்க ஸ்கேலுக்குக் கை இல்லை.

“நில்லு மச்சான். உன் பக்கம் கீழே கோடு எதுவும் தெரியுதா?”

“எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது மாமா. அம்சமா இருக்கு.”

“விளையாடாதே.”

“இப்படிச் சொல்லித்தானே அன்னிக்கு மூணு நல்ல கண்ணாடியைக் கழிச்சீங்க? நடங்க, கை நோகுது.”

தினமும் வருகிற கோடுதானே என்று ஸ்கேல் ஓரடி வைத்தார். அப்போது எங்கோ ‘டிக்’ என்றது. பல்லில் நகம் பட்டதுபோல அவ்வளவு சின்னச் சத்தம். முப்பது வருடமாக அவருக்குத் தெரிந்த சத்தம்.

“அடியே, ஓடி வா! என் இமையைத் தூக்கு!”

“என்னங்க உளர்றீங்க?”

“இடது கண்ணு. மேல் இமை. தூக்குடி!”

அவள் ஓடிவந்து தூக்கினாள். கோடு மறைந்தது. அதை ஒட்டியே, அதுவரை அதன் ஒளியில் பதுங்கியிருந்த இன்னொரு கோடு மறையவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மச்சானின் மணிக்கட்டை நோக்கி ஒரு விரற்கடை நீண்டது.

“மச்சான், கீழ்க்கையை எடு. பேசாதே. எடு.”

எடுத்தான். அடித்துண்டு கத்தியாக இறங்கி, கை இருந்த இடத்தைத் தாண்டி, அவன் செருப்பின் முன்னால் நொறுங்கியது. மீதியை இருவரும் மெல்ல நகர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். மனைவி இமையிலிருந்து விரலை எடுக்க மறந்து, கூடவே நடந்தாள்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“லேசர் போட்ட மூணாம் நாள்லேர்ந்து.”

“கட்டரைக் குடுங்க. முதல்ல டாக்டர்.”

ஸ்கேல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கத்தான் அவள் விரலை எடுத்தாள். கோடு திரும்பி வந்தது. எதிரே மச்சான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எப்படித் திருப்பினாலும், கோடு மணிக்கட்டுக்குக் குறுக்கேயே நின்றது.