மாமனார் என் மகளிடம் சொன்னது

பர்மாவில், லத்தா பேட்டையில் என் மைத்துனர் வைத்திருந்த துணிக்கடையின் கல்லாவுக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த தண்டவாள ஆணி ஒன்று இருந்தது. ஜப்பான்காரர்கள் சயாமுக்குப் போட்ட ரயில் பாதையிலிருந்து தன் அப்பா கொண்டுவந்தது என்று வெளிநாட்டுப் பயணிகளிடம் காட்டுவார். அதைப் பழைய இரும்புக் கடையில் அவர் பேரம் பேசி வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பாலம் கட்டத் தெரியாமல் விழித்த ஜப்பான் அதிகாரிக்கு அப்பாதான் யோசனை சொன்னாராம், அதிகாரி கைகுலுக்கினாராம். வீட்டு விசேஷங்களில் இந்தக் கதை பாயசத்துக்கு முன்னால் தவறாமல் வந்துவிடும். கேட்டுத் தலையாட்டிய உறவினர்கள் மீதும் எனக்கு மரியாதை இல்லை. பிடித்துச் செல்லப்பட்ட கூலிகள் காலராவில் செத்து விழுந்த காடு அது என்று அவர்களில் வயதானவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், நல்ல சாப்பாட்டோடு நல்ல கதையையே விரும்பினார்கள்.

அங்கிருந்து பிழைத்து வந்த மாமனார் மறுத்ததில்லை. மகன் பேசத் தொடங்கியதும் எழுந்து கைகழுவப் போய்விடுவார். ஒருநாள் பபேடான் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் அவரோடு தனியாக இருந்த என் மகள், தமிழ் தட்டுத்தடுமாறி வருவதால், பர்மிய மொழியில் கேட்டிருக்கிறாள்: "தாத்தா, அங்க உங்க பக்கத்துல யார் படுத்திருந்தாங்க?" அதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. அவர் பர்மிய மொழியிலேயே பதில் சொன்னார். தாம் இருக்கும்வரை அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் இறந்த பதினாறாம் நாள், காரியம் முடிந்து இலை போடுவதற்குள் மைத்துனர் எழுந்து, அதிகாரி கைகுலுக்கிய கதையைத் தொடங்கினார்.

"அது பொய்," என்றாள் மகள். தாத்தாவோடு அவருடைய தம்பியையும் பிடித்துப் போனதை, தம்பிக்குக் காலரா கண்டதை, மூச்சிருக்கும்போதே அவரைக் குழியில் போட ஜப்பான்காரர்கள் சொன்னதை, துப்பாக்கி முனையில் தாத்தாவே தூக்கிப் போனதைப் பர்மிய மொழியில் சொன்னாள். அதுவரை நெளிந்துகொண்டிருந்த இளையவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மச்சான், இது சாப்பிடற இடம். பிள்ளையை உட்காரச் சொல்லுங்க," என்றார் மைத்துனர். அவருடைய கவலை இலையைப் பற்றித்தான்.

"சொல்லி முடிம்மா," என்றேன்.

"அவர் பேரு காளிமுத்து. போடும்போது அண்ணேன்னு கூப்பிட்டாராம்," என்று தமிழில் முடித்தாள்.

என் மனைவி கையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒரு சித்தப்பா இருந்தாரா?" என்று தன் அண்ணனிடம் கேட்டாள்.

அவர் இலைகளை எடுத்துப் போடத் தொடங்கினார்.